பார்த்தவர் கையெழுத்து

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்களைப் பற்றிய வாதம் எப்படியும் வந்துவிடுகிறது. எந்த நடிகர் பொருத்தமானவர், எந்தப் படத்தில் வில்லன் சரியில்லை, எந்தப் படத்தோடு அந்தத் தொடரே சரியத் தொடங்கியது என்று தலை நரைத்த பிறகும் விடாமல் சண்டை போடுகிறீர்கள். பழைய ஆள் போய்ப் புது நடிகர் முதன்முதலாக வந்த படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது மட்டும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கலங்கரை விளக்கங்களை விலைக்கு வாங்கி ஒவ்வொன்றாக அணைக்கும் பணக்காரன் வருவானே, அந்தப் படம். அதன் நிறைகளும் குறைகளும் எங்கள் வீட்டில் ஒரு முழுக் கோடை விடுமுறையைத் தின்றன. அதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காலையிலிருந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

எதற்கும் தேதி போடும் என் பழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் நீங்கள். இந்த முறை தேதி கிடையாது. அந்த வருடத்து நோட்டு, மேலப்புதூர் வீட்டைக் காலி செய்து கே.கே. நகருக்குப் போனபோது தொலைந்துவிட்டது. நீல அட்டை, ஒரு மூலையில் மைக்கறை, நடுப்பக்கத்தில் சினிமா டிக்கெட் துண்டுகள் ஒட்டியிருக்கும். தெரியாத தேதியை இட்டுக்கட்டுவது எனக்கு ஆகாது. எழுபதுகளின் பிற்பகுதி, ஈஸ்டர் பாஸ்கா முடிந்து இரண்டாவது வாரம், எனக்குப் பத்து வயது. இந்த மூன்றும் உறுதி.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் முகப்பில், தீர்த்தத் தொட்டிக்கு மேலே கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பூசையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலைகளுக்குப் பக்கத்தில் சினிமாத் தாளைக் குத்தி வைப்பார்கள். ஊரில் ஓடும் படங்களுக்கு மூன்று தரம்: ‘அ’ என்றால் எல்லோரும் பார்க்கலாம், ‘ஆ’ என்றால் பெரியவர்கள் மட்டும், ‘இ’ என்றால் தவிர்க்க வேண்டும். தமிழ்ப் படங்களுக்கான தரம் எங்கிருந்தோ அச்சாகி வந்துவிடும். இங்கிலீஷ் படங்கள் மெட்ராஸில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்த பிரதியாகத் திருச்சிக்கு வரும்போது அவற்றுக்குத் தரம் சொல்ல ஆள் இல்லை. பாதிரியாரான பங்குச் சாமி அந்த வேலையை என் அத்தையிடம் கொடுத்திருந்தார். அத்தை படத்தைப் பார்த்து, நிறைகள் ஒரு பக்கம், குறைகள் ஒரு பக்கம் எழுதி, தரத்தைப் போட்டு, அடியில் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு முதல் பூசைக்கு முன் தாள் பலகையில் இருக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். கன்னியர்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். யாராவது லீவில் போனால் அந்த இடத்தில் இவள் என்று நான்கு வருடம் ஓடியிருந்தது. அந்த ஜூனில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. தலைமையாசிரியையான மதர், பங்குச் சாமியிடமிருந்து நற்சான்றுக் கடிதம் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காகத்தான் அத்தை மாங்கு மாங்கென்று படம் பார்க்கிறாள் என்று அம்மா சொல்வாள். அது பாதி உண்மை. அத்தைக்குப் படம் பிடிக்கும். ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை நடிகர் எங்கே நிறுத்தினார், எங்கே விட்டார் என்பதைச் சோறு வடிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பாள்.

இங்கிலீஷ் படத்துக்குப் பெண் தனியாகப் போக முடியாத காலம். அப்பாவுக்கு ஆபீஸ், அம்மாவுக்குத் தலைவலி. அதனால் சனிக்கிழமை மேட்னிக்குத் துணை நான்தான். என் கையில் நீல நோட்டும் பென்சிலும். அத்தையின் கையில், கைக்குட்டைக்குள் மடித்த ஜெபமாலை.

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே இருட்டில் வியர்வை வாடையும் ஆரஞ்சுக் கலர் சோடாவின் வாடையும். எங்கோ அணை கட்டிய செய்திப் படம் ஓடி முடிந்தது. பிறகு ஒரு பெரிய ஆறு. அதில் வெட்டிய மரங்கள் ஆயிரக்கணக்கில் மிதந்து வருகின்றன. கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவன் அந்த மரங்களின் மேலே ஓடுகிறான். காலடியில் ஒவ்வொரு மரமும் உருள்கிறது. பின்னால் துப்பாக்கியோடு நாலு பேர். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. அவன் கரையில் குதித்து, கோட்டில் ஒட்டிய மரப்பட்டையைத் தட்டிவிட்டபோதுதான் மூச்சு விட்டாள்.

“நல்லா எடுத்திருக்கான்டி,” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஹோட்டல் அறை. ஒரு பெண் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பின்வரிசையில் விசில் பறந்தது. அத்தை சட்டென்று தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீ பாரு. முடிஞ்சதும் என் கையைத் தட்டு.”

“நான் பார்த்தா பாவமில்லையா அத்தை?”

“தெரிஞ்சு செஞ்சாதான் பாவம். உனக்கு என்ன தெரியும்? நீ பார்த்தா அது வெறும் படம். நான் பார்த்தா பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட போய்ச் சொல்லணும். பேசாம பாரு.”

ஞாயிறுதோறும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்துகிறவள் அத்தைதான். அவள் சொல்வதில் பிழை இருக்க முடியாது. நான் பார்த்தேன். முடிந்ததும் கையைத் தட்டினேன். அப்படி நான்கு இடங்கள். நான்கு தடவையும் விசில் பறந்தது. நான்கு தடவையும் அத்தையின் விரல்களில் மணிகள் நகர்ந்தன. மற்ற நேரமெல்லாம் இமை கொட்டாமல் பார்த்தாள். கலங்கரை விளக்கம் அணைந்து, மூடுபனியில் ஒரு கப்பல் பாறையை நோக்கி வரும் காட்சியில் எழுந்தே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், “அக்கா, கப்பல் உங்க மேல மோதாது, உக்காருங்க,” என்றான்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிய கையோடு அத்தை சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டாள். நிறைகளை மளமளவென்று எழுதினாள். குறைகளில் பாதி வந்து நின்றாள்.

“சரி, அந்த நாலு இடத்துல என்ன நடந்துச்சு?”

“எந்த நாலு இடம்?”

“ஏய். நான் கண்ணை மூடிக்கிட்டேன்ல, அது.”

என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் சிக்கல். எங்கள் வீட்டில், உதடு பதிப்பதைச் சொல்லும் முத்தி என்ற சொல், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையின் பாதத்துக்கும் சுரூபங்களுக்கும் மட்டும் உரியது. நான் பார்த்ததைச் சொல்ல என்னிடம் வேறு சொல் இல்லை. அந்தச் சொல்லை எடுத்து அங்கே வைத்தால், எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்து பார்த்தால் பாவம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். தெரியாதவளாக இருக்க வேண்டுமென்றால் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

“பேசிக்கிட்டிருந்தாங்க அத்தை.”

“நாலு தடவையுமா?”

“ஆமா. அப்புறம் லைட்டை அணைச்சிட்டாங்க.”

“எதுக்கு?”

“தூங்கறதுக்கு.”

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவை உதறினாள். பிறகு தரம் என்ற இடத்தில் ‘அ’ என்று எழுதி, வட்டம் போட்டாள். பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்து.

அந்தத் தாளை நான் என் நோட்டில் அப்படியே பார்த்து எழுதி வைத்திருந்தேன். நோட்டு போனாலும் வரிகள் போகவில்லை.

நிறைகள்: உச்சரிப்பு தெளிவு, மாணவியருக்குப் பயன்படும். ஆற்றில் மிதக்கும் மரங்கள் மேல் ஓடும் காட்சி வியப்பூட்டுகிறது. கப்பல் பாறையில் மோதும் காட்சியில் ஒரு சொல்கூட இல்லாமல் அச்சத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். வில்லன் கத்துவதில்லை, ஆரஞ்சுப் பழம் உரித்தபடி மெதுவாகப் பேசுகிறான், அதனால் அதிகம் பயமாக இருக்கிறது.

குறைகள்: கதாநாயகன் ஓயாமல் மது அருந்துகிறான், பெற்றோர் விளக்கிச் சொல்லவும். புது நடிகர் கோட்டுக்குப் பொருந்துகிறார், பாத்திரத்துக்கு இல்லை. இந்தியா என்று காட்டும் ஊரில் ஒரே தெருவில் ஒட்டகமும் பனிமலையும் படகும் இருக்கின்றன. கடைசிப் பகுதி முழுக்க வெடிச்சத்தம், கதை இல்லை.

பின்னாளில் எத்தனையோ விமரிசனங்கள் படித்தேன். அந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதியவர் யாரும் இல்லை. பார்த்த பகுதியைப் பொறுத்தவரை.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பலகைக்கு முன் கூட்டம். ‘அ’ கிடைத்த இங்கிலீஷ் படம் அபூர்வம். மாதா சபைத் தலைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு தடவை படித்தார். அவர் மகளுக்கு முதல் ஓலை அன்றுதான் வாசித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எடமலைப்பட்டி புதூரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. சாப்பிட்டுவிட்டு இரு குடும்பமும் சேர்ந்து ஒரு நல்ல படத்துக்குப் போனால் பேச்சு வளரும் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மேட்னிக்கு எங்கள் பங்கிலிருந்து வேறு எட்டுப் பத்துக் குடும்பங்களும், பிள்ளை குட்டிகளோடு.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தலைவி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“டீச்சர் இருக்காங்களா?”

“வாங்கக்கா, உக்காருங்க,” என்றாள் அத்தை.

“உக்கார வரல. சம்பந்தி பக்கத்துல உக்காந்துக்கிட்டு எங்க பார்க்கறதுன்னு தெரியாம, மேல ஓடுற ஃபேன்ல எத்தனை றெக்கைன்னு எண்ணிக்கிட்டிருந்தேன் டீச்சர். ரெண்டாவது தடவை லைட்டை அணைச்சப்போ மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சு, நாங்க பஸ்ஸுக்குப் போறோம்னாரு. வரிசை பூரா முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுச்சு. ‘அ’ போட்டிருக்கீங்களே, கண்ணை மூடிக்கிட்டா பார்த்தீங்க?”

அவர் அதை ஏச்சாகத்தான் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “தப்பா எழுதிட்டேன்க்கா. மன்னிச்சுக்குங்க,” என்றாள். 

(அந்தக் கல்யாணம் நடந்தது. பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். இதைக் குறித்து வைப்பது என் கடமை.)

திங்கட்கிழமை பங்குச் சாமியே வந்து தாளை எடுத்தார். நான்கு மூலைக் குண்டூசிகளை மட்டும் விட்டுவிட்டார். பங்குக்குள் மூன்று பேச்சுகள் ஓடின. டீச்சர் படத்தைப் பார்க்காமலே எழுதிவிட்டாள். டீச்சர் பார்த்து ரசித்துவிட்டு எழுதினாள். டீச்சர் யாரோடோ போயிருக்கிறாள், படம் எங்கே பார்த்தாள்? மூன்றாவதை அறுப்பது சுலபம். என்னோடு போனதாகச் சொன்னால் போதும். சொன்னால், பத்து வயதுப் பிள்ளையை அந்தப் படத்துக்குக் கூட்டிப் போனவள் என்று ஆகும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தான் கண்ணை மூடிக்கொண்டவள் என்றும் ஆகும். இப்படிப்பட்டவளிடம் வகுப்பை யார் கொடுப்பார்கள்? அதனால் அத்தை வாயைத் திறக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை, “என்னதான்மா ஆச்சு?” என்று கேட்டார். “என் புத்தி,” என்றாள்.

மதரிடமிருந்து ஆள் வந்தது. சாமியின் கடிதம் இன்னும் வரவில்லை, வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முன்பும் இதே ‘பார்க்கலாம்’தான். இப்போது அதைக் கேட்டு அம்மா அழுதாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துச் சிவப்புத் தரையில் கறுப்புக் கட்டங்களை மட்டும் மிதித்து நடப்பேன். மாம்பழம் இறங்கவில்லை. மத்தியான வெயிலில் கோயிலுக்குப் போய், பலகையில் அந்த நான்கு குண்டூசிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவேன். ஏன் பார்க்கப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் இரண்டு தடவை சமையலறை வாசல் வரை போவேன். அவள் திரும்பி, “என்னடி?” என்பாள். தண்ணீர் கேட்பேன். அந்த மாதம் நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. கடிதம் எழுத வேண்டியவர் பங்குச் சாமி. சனிக்கிழமை மாலை அவர் பாவங்களைக் கேட்கச் சங்கீர்த்தனத் தொட்டி என்னும் மரக்கூண்டில் உட்கார்ந்திருப்பார். அங்கே போனால் என் முகத்தைப் பார்க்காமல், திட்டாமல், முழுவதும் கேட்பார். கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தால் கடிதம் எழுதிவிடுவார். இதைவிட நல்ல யோசனை பத்து வயதில் எனக்கு வந்ததில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். மரச்சட்டத்தின் துளைகள் வழியே மூக்குப்பொடி வாசனை வந்தது.

“சாமி, நான் பொய் சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

“நாலு இடத்துக்கும் சேர்த்து ஒரு தடவை.”

அந்தப் பக்கம் அசைவு நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கண்ணை மூடியது, கையைத் தட்டச் சொன்னது, பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னது. படத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதை மட்டும் அங்கேயும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு மெல்லப் பேசினார். “இதை நீ வெளியில வந்து, வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லணும்மா. இங்க கேட்டதை வச்சு நான் வெளியில ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு வார்த்தை பேச முடியாது. புரியுதா?”

“புரியுது சாமி.”

“சொல்லுவியா?”

“சொல்றேன் சாமி.”

“மூணு அருள்நிறை மரியே சொல்லிட்டுப் போ.”

நான் சொல்லவில்லை. வீட்டுப் பெரியவர்களைவிடப் பெரியவரிடமே சொல்லியாகிவிட்டது, அப்புறம் எதற்கு இன்னொரு தடவை என்று நினைத்தேன். அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் பூசை முடிந்து வாசலில் நின்ற சாமி, என் தலையில் கை வைத்து, “பரீட்சையெல்லாம் முடிஞ்சுதா?” என்று கேட்டார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரர், ரகசியமாகச் செய்யப் போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஊரில் அவர் காதில் விழுந்தும் பயன்படாத ஒரே இடத்தைத் தேடிப் போய், அங்கே உண்மையைச் சொல்லியிருந்தேன். அந்த மரத்தொட்டியில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே எடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. எனக்கு ஞானோபதேசத்தில் அத்தையே சொல்லித் தந்திருக்கிறாள். பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தது, நடப்பில் பொருத்தத் தெரியவில்லை.

கடிதம் மே மாதக் கடைசியில் போனது. ஒட்டாத உறையில் கொடுத்திருந்தார்கள்; அம்மா படித்துவிட்டாள். இரண்டு வரி. நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர். பொறுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. நம்பகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. “ஆயிரம் நல்லது செஞ்சா, ரெண்டு வரி எழுதறாரு பாரு,” என்று அம்மா பொரிந்தாள். சாமி கல்நெஞ்சுக்காரர் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் நினைத்தேன். பொய்யும் எழுதாமல், தொட்டியில் என்னிடம் கேட்டதையும் தொடாமல், எழுத முடிந்த இரண்டே வரியை எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் இதைச் சொல்ல அவர் இல்லை.

நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது. ஜூலையில், உப்பிலியபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டு அத்தை கிளம்பினாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா வெளியே நின்று, “மலையடிவாரத்துல போய் எப்படிம்மா இருப்பே?” என்று கேட்டார். “மலை பார்த்துக்கிட்டு,” என்றாள். பஸ் நகரும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். வெயில் என்று அம்மா நினைத்தாள்.

சினிமாத் தாள் அதோடு நின்றது.

எண்பதுகளின் நடுவில், கல்லூரியில் படிக்கும்போது, அந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் என் தோழியின் வீடு. அவள் அண்ணா ஞாயிற்றுக்கிழமைக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார். காலையில் பெரியவர்களுக்குப் புராணப் படம் ஓடியது. கேசட் கடைக்காரன் சேர்த்துக் கொடுத்த இன்னொரு கேசட்டைத் தோழி திருப்பிப் பார்த்தாள். அட்டையில் அதே படத்தின் பெயர்.

“நான் தாயார் சந்நிதிக்குப் போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள உங்க இங்கிலீஷ் கூத்தை முடிச்சுடுங்கோ,” என்று சொல்லிவிட்டுத் தோழியின் அம்மா கிளம்பினாள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மரங்கள் மேல் ஓடும் காட்சி இன்னும் நன்றாகவே இருந்தது. கப்பல் காட்சியும். புது நடிகரைப் பற்றி அத்தை எழுதியது ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அவர் ஓடும்போது நடிகராக இருந்தார், நின்றால் கோட்டாகிவிட்டார். இந்தியத் தெருவில் ஒட்டகம் வந்ததும் தோழி சுருண்டு விழுந்து சிரித்தாள். நான்கு இடங்களும் வந்தன, போயின. நான்கையும் கூட்டினால் ஒரு தோசை வெந்து எடுக்கும் நேரம் ஆகவில்லை.

“ஏண்டி, இதுக்கா உங்க சர்ச்சுல அத்தனை ரகளை பண்ணினா?” என்றாள் தோழி. அந்தத் தாளின் கதையை மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த நான்கு இடங்களிலும் வரும் பெண்களுக்குப் படத்தில் வேலை இல்லை. இரண்டு பேருக்குப் பெயரே இல்லை. மூன்றாவது இடத்தில் வந்தவளை வில்லனின் ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த காட்சியில் கதாநாயகன் ஹோட்டலில் முட்டை சரியாக வேகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். படத்தின் பெரிய குறை அதுதான். அது அத்தையின் தாளில் இல்லை. தலைவியும் சாமியும் கோபப்பட்டதும் அதற்காக இல்லை. பத்து வயதில் நான் அதைப் பார்த்திருந்தேன்; குறை என்று தெரியவில்லை.

மறுவாரமே உப்பிலியபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தோழியிடம் ஒரு பொய், வீட்டில் ஒரு பொய்.

அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் எப்போதும் பெருமூச்சோடுதான் பேசுவோம். பாவம், தனியாக, காட்டில். அங்கே போய்ப் பார்த்தால் அத்தை சதை போட்டிருந்தாள். சேர்ந்த மறுவருடமே நிரந்தரமாக்கியிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று, “டீச்சர், வெங்காயம் அம்மா குடுத்துச்சு,” என்று மடி மடியாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் உட்கார்ந்து இருவரும் சின்ன வெங்காயம் உரித்தோம். தூரத்தில் பச்சைமலை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். சங்கீர்த்தனத்தில் சொன்னதையும் சொன்னேன். கண்ணில் நீர் வழிவதற்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அத்தை கத்தியை நிறுத்தவில்லை.

“அன்னைக்கே தெரியும்டி.”

“எப்படி?”

“எனக்குக் காது இல்லையா? நாலு தடவையும் பின்னாடி விசில் பறந்துச்சு. ரெண்டு பேரு பேசிக்கிட்டிருக்கறதுக்கா விசிலடிப்பானுங்க?”

“அப்புறம் ஏன் ‘அ’ போட்டீங்க?”

“நீ சொல்லியிருந்தா அதை நான் எழுதணும்ல. என்ன வார்த்தை போட்டு எழுதறது? சாமி படிப்பாரு. கோயில்பிள்ளை பலகையில குத்துவாரு. என் வகுப்புப் பிள்ளைங்க வரிசையா நின்னு வாசிக்கும். அடியில என் கையெழுத்து. நீ ஒண்ணும் நடக்கலன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சின்னப் புள்ள பொய் சொல்லாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

இத்தனை வருடம் என்னோடு திரிந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இரண்டு பேரிடமும் ஒரு சொல் இல்லாததால் ஒரு வேலை போயிற்று என்றால், அதை யார் தலையில் வைப்பது? நான் எழுந்து முற்றத்தின் முனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

“உக்காருடி. நடந்துக்கிட்டே இருக்காதே,” என்றாள் அத்தை. “சரி, இப்பவாவது சொல்லு. அந்த நாலு இடத்துல என்னதான் நடந்துச்சு?”

சொன்னேன். முதலிலிருந்து, வரிசையாக, எந்தச் சொல்லையும் விடாமல். முதல் இடத்துக்கு அத்தை முகம் சிவந்தாள். இரண்டாவதுக்குச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். மூன்றாவதைச் சொன்னபோது கை நின்றது.

“அந்தப் பொண்ணைக் கொன்னுட்டானுங்களா?”

“ஆமா.”

“இவன் அதுக்கு ஒண்ணும் சொல்லலையா?”

“முட்டை வேகலன்னு சொன்னான்.”

“எனக்கு அது தெரியாமப் போச்சே,” என்றாள். நான்காவது இடத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நான் முடித்த பிறகும் உரித்த வெங்காயங்களை ஒரு விரலால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் அத்தை.”

“அப்ப ‘பெரியவங்க மட்டும்’னு ‘ஆ’ போட்டிருந்தா போதுமே,” என்றாள்.